சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டு: தம்பிக்குச் சரி, அம்மாவுக்கும் சரியா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 44 வயது, கரும்பு லாரி ஓட்டுகிறார். இரண்டு தொடை எலும்பின் தலையும் ரத்த ஓட்டம் நின்று செத்துப்போய் நொறுங்கியிருக்கிறது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர் "சிமெண்ட் வைக்காத மூட்டு" போடலாம் என்கிறார். அம்மாவுக்கு 77 வயது. அவருக்கும் ஒரு பக்க இடுப்பு மூட்டு தேய்ந்து, மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பிக்குப் போடுவதையே அம்மாவுக்கும் போட்டுவிடலாமா? அதுதானே புதுசு? ஆனால் எங்கள் தெருவில் ஒரு ஆயாவுக்கு அதைப் போட்டு மூன்றாவது வாரமே தொடை எலும்பு உடைந்துவிட்டது. சிமெண்ட் இல்லாமல் அது எப்படித்தான் நிற்கும்?" இதுதான் கேள்வி.

கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் எலும்பு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மண்வெட்டிக்குக் காம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காம்பின் நுனியைத் துளையைவிட ஒரு நூல் பெரிதாகவே செதுக்குவார்கள். பிறகு அடித்து இறக்குவார்கள். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது, இறுக்கம்தான் பிடித்துக்கொள்கிறது. சிமெண்ட் வைக்காத மூட்டின் முதல் நாள் பிடிமானம் இதேதான். இடுப்புக் கிண்ணத்தைக் குடைந்து, குடைந்த அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிய உலோகக் கிண்ணத்தை அடித்து உட்கார வைப்போம். தொடை எலும்பின் உள்குழாயை அரம் போன்ற கருவியால் படிப்படியாக அகலப்படுத்தி, அதில் பந்தைத் தாங்கும் டைட்டானியம் தண்டை இறக்குவோம்.

ஆனால் காம்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காம்பு நாளாக ஆகத் தளரும், இது நாளாக ஆக இறுக வேண்டும். உலோகத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு இருக்கும். பல தண்டுகளின் மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற வெள்ளைப் பூச்சும் உண்டு. எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் கனிமத்தின் சகோதரன் அது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் நம் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒன்றிப்போகும் என்பதை 1950களில் ஸ்வீடன் நாட்டு பேர்-இங்வர் பிரேன்மார்க் முயலின் காலெலும்பில் வைத்த டைட்டானியக் கூட்டைக் கழற்ற முடியாமல் போனபோது கவனித்தார். பல்லுக்கு இன்று இம்பிளாண்ட் வைக்கிறார்களே, அதன் மூலமும் அதுதான்.

எலும்பு வளர வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தண்டு அசையக் கூடாது. அசைவு 40 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாகத் தழும்புச் சதைதான் வளரும், மூட்டு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அரை முடி அசைவு தாங்கும், இரண்டு முடி அசைவு தாங்காது. இதற்காகத்தான் ஆபரேஷன் மேஜையிலேயே அது இறுகி உட்கார வேண்டும். இறுக்க வேண்டுமென்றால் அடிக்க வேண்டும். அடியைத் தாங்க எலும்பில் பலம் வேண்டும். உங்கள் தெரு ஆயாவின் கதையும் தம்பி, அம்மா இருவருக்குமான பதிலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. சிமெண்ட் இல்லாத மூட்டில் ஆபத்து முன்னால் வந்துவிடுகிறது, பலன் பின்னால் வருகிறது. பலனை அனுபவிக்க வருஷம் கையில் இருப்பவருக்கும், முன்னால் வரும் ஆபத்தைத் தாங்கும் எலும்பு இருப்பவருக்கும் அது நல்ல பேரம்.

"அதுதானே புதுசு" என்று கேட்டீர்கள். புதுசு என்பதற்காகவே எதையும் வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் இன்றைய முறையிலான மூட்டை முதன்முதலில் பொருத்தினார். உலோகப் பந்து, பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கிண்ணம், இரண்டையும் எலும்பில் நிறுத்த அக்ரிலிக் சிமெண்ட். இந்தச் சிமெண்ட் பசை இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். எதையும் ஒட்டாது. இடைவெளியை நிரப்பி எலும்பின் சந்துபொந்துகளுக்குள் புகுந்து கெட்டியாகிப் பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கல்லாகிவிடும். அன்று மாலையே அதன் முழு பலமும் கிடைத்துவிடும், எலும்பு வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி.

பிறகு ஏன் சிமெண்டை விட்டார்கள்? 1970கள், 80களில் சில நோயாளிகளுக்கு மூட்டைச் சுற்றி எலும்பு கரையான் அரித்த மாதிரி கரைந்துபோனது. எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் சிமெண்ட் துணுக்குகள். பழி சிமெண்ட் மேல் விழுந்தது, "சிமெண்ட் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்டே வேண்டாம் என்று கிளம்பிய தண்டுகள்தான் இவை. லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் 1985இலும், பிரான்சில் கொரேய்ல் என்ற தண்டை உருவாக்கிய குழு 1986இலும் பூச்சுள்ள தண்டுகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், சிமெண்ட் இல்லாத மூட்டிலும் எலும்பு கரைந்தது! உண்மையான குற்றவாளி கிண்ணத்தில் இருந்த பிளாஸ்டிக். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அதிலிருந்து ஒரு மைக்ரானைவிடச் சிறிய துகள்கள் உதிர்கின்றன. அவற்றை விழுங்கிய நம் வெள்ளணுக்கள் சீரணிக்க முடியாமல் கோபத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தப்பான ஆளைப் பிடித்ததில் ஒரு நல்லது நடந்தது. எலும்பே பிடிக்கும் மூட்டு கிடைத்தது.

இதிலிருந்து தம்பிக்கு ஒரு பாடம் உண்டு. சிமெண்டா இல்லையா என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 44 வயதுக்காரருக்கு இருபதாவது வருஷத்தில் மூட்டு எப்படி இருக்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பது பந்தும், உலோகக் கிண்ணத்துக்குள் வைக்கும் உறையும் உரசும் இடம்தான். 1990களின் கடைசியிலிருந்து வரும் கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட பாலிஎதிலீன், பழைய பிளாஸ்டிக்கைவிட மிக மிகக் குறைவாகவே தேய்கிறது. அதன் மேல் செராமிக் பந்து என்பது இளவயதுக்காரர்களுக்கு என் விருப்பம். செராமிக்கின் மேல் செராமிக் இன்னும் குறைவாகத் தேயும். ஆனால் அபூர்வமாக உடையும், சிலருக்குக் கீச்சென்று சத்தம் போடும். வலி இருக்காது, ஆனால் கோயிலில் எழுந்து நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். உங்கள் டாக்டரிடம் "சிமெண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "பந்து என்ன, உறை என்ன?" என்றும் கேளுங்கள்.

எத்தனை வருஷம் வரும்? மூட்டு மாற்றியவர்களின் தேசியப் பதிவேடுகளைத் திரட்டி 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுப்படி, பத்து இடுப்பு மூட்டில் ஏறக்குறைய ஆறு 25 வருஷம் தாண்டியும் இருக்கின்றன. 15 வருஷக் கணக்கில் பத்துக்கு ஒன்பது. இந்த 25 வருஷக் கணக்கு பழைய பிளாஸ்டிக்கோடு அந்தக் காலத்தில் போட்டவற்றின் கணக்கு என்பதைச் சேர்த்துப் படியுங்கள். இன்று போடுவது இதைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொரு கணக்கும் அதே இதழில் 2017இல் வந்தது. 70 வயதுக்குமேல் மூட்டு மாற்றுகிறவர்களில் வாழ்நாளில் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவது நூற்றில் ஐந்து பேருக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றும் ஆண்களுக்கு அது நூற்றில் 35 வரை. மூட்டு மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை, அவர்களுக்கு ஆயுள் அதிகம் பாக்கி இருக்கிறது, ஓட்டமும் அதிகம். தம்பி தன் வாழ்நாளில் இன்னொரு முறை மேஜைக்கு வர வேண்டியிருக்கலாம் என்று இப்போதே தெரிந்திருப்பது நல்லது. அந்த நாள் வந்தால் பல நேரங்களில் தேய்ந்த உறையையும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும். எலும்பு பிடித்த கிண்ணமும் தண்டும் அப்படியே இருக்கும். சிமெண்ட் இல்லாத மூட்டில் பின்னால் வரும் பலன் என்று நான் சொன்னதில் இதுவும் ஒன்று.

இனி முன்னால் வரும் ஆபத்து.

தண்டை இறக்கும்போது நாங்கள் கண்ணைவிடக் காதை நம்புவோம். அரத்தை ஒவ்வொரு அளவாக அடித்து இறக்கும்போது முதலில் "தொப் தொப்" என்று மந்தமாகக் கேட்கும். சரியான அளவு வந்ததும் சத்தம் மெல்லியதாகி "டங்" என்று உயரும். அதற்குமேல் ஓர் அடி அதிகம், ஓர் அடி குறைவு என்பது கைப்பழக்கம். குறைத்தால் தண்டு பிறகு இறங்கும், கூட்டினால் எலும்பு கீறும். என் ஆரம்ப காலத்தில், நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்த ஓர் அம்மா வந்திருந்தார். அறுபது தாண்டியவர். அரம் இறங்கும் வரை எல்லாம் சரி. தண்டை இறக்கும் கடைசி அடியில் "டங்" என்று கேட்க வேண்டிய சத்தம் திடீரென்று உடைந்த பானையைத் தட்டினாற்போல் "சட்" என்று மாறியது. உதவிக்கு நின்ற சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே உள்பக்கமாக, கத்தி நுனியால் கோடு போட்ட மாதிரி ஒரு மெல்லிய கீறல். தண்டை வெளியே எடுத்து, எலும்பைச் சுற்றி இரண்டு கம்பி கட்டி முறுக்கி, மறுபடி இறக்கினேன். ஆறு வாரம் அந்தக் காலில் பாதி பாரம்தான் கொடுக்கச் சொன்னேன். நன்றாகவே ஆனார். ஆனால் அன்று நான் அதைக் கவனிக்காமல் தைத்து மூடியிருந்தால், அவர் எழுந்து நின்ற நாளில் அந்தக் கோடு பிளந்து தொடை முழுக்க ஓடியிருக்கும். உங்கள் தெரு ஆயாவுக்கு மூன்றாவது வாரத்தில் நடந்தது இப்படி ஒன்றாக இருக்கலாம். அல்லது வீட்டில் சின்னதாகத் தடுக்கி விழுந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

இந்தக் கீறல் எவ்வளவு பேருக்கு வரும்? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1999இல் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷனின்போது எலும்பு உடைந்தது சிமெண்ட் வைத்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு, வைக்காதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு. இன்றைய தண்டுகள் அதைவிட நயமானவை. ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான தூரம் மறையவில்லை.

அம்மாவின் எலும்பு ஏன் வேறு என்று சொல்கிறேன். நாதஸ்வரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். தம்பி வயதில் தொடை எலும்பின் உள்குழாய் இப்படித்தான் இருக்கும். ஆப்பு போன்ற தண்டு அதில் அழகாக இறுகும். வயது ஏற ஏற, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பின் சுவர் உள்ளிருந்து கரைந்து மெலிந்து, குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் பிவிசி பைப் மாதிரி ஆகிவிடும். பைப்பில் ஆப்பு எங்கே இறுகும்? இறுக்கவேண்டி பெரிய தண்டாகப் போட்டால் மெல்லிய சுவர் விரியும். சின்னதாகப் போட்டால் இறங்கும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஸ்காண்டிநேவியப் பதிவேடுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது, 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிமெண்ட் இல்லாத தண்டு போட்டால் ஆரம்ப மாதங்களில் எலும்பு முறிவும் மறு ஆபரேஷனும் அதிகம் என்பதுதான். விழுந்து இடுப்பு முறிந்த அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாகப் பிரித்து, கிண்ணத்தை விட்டுவிட்டுப் பந்தும் தண்டும் மட்டும் வைக்கும் பாதி மூட்டு போட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. தண்டைச் சுற்றி எலும்பு உடைந்தது சிமெண்ட் பிரிவில் நூற்றுக்கு அரை, நவீன சிமெண்ட் இல்லாத பிரிவில் நூற்றுக்கு இரண்டு. நான்காவது மாதத்தில் நடமாட்டம், வலி எல்லாம் சேர்ந்த வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் சிமெண்ட் பிரிவில்தான் கூடுதல்.

தண்டைச் சுற்றி உடைந்தால் சாதாரண முறிவு மாதிரி எப்போதும் பிளேட் வைத்தே முடித்துவிட முடியாது. தண்டு தளர்ந்திருந்தால் அதை எடுத்து, உடைந்த இடத்தைத் தாண்டி இறங்கும் நீளத் தண்டு போட வேண்டும். 77 வயதில் இரண்டாவது பெரிய ஆபரேஷன் என்பது முதலாவதைப் போல இருக்காது. அதனால் அம்மாவுக்கு என் யோசனை: கிண்ணம் சிமெண்ட் இல்லாமல், தண்டு சிமெண்டோடு. கலப்பு முறை என்போம். கிண்ணப் பக்கம் வயதானவர்களிலும் எலும்பு நன்றாகவே பிடிக்கிறது. தண்டுப் பக்கம்தான் தகராறு. இதை யாராவது "பழைய மாடல்" என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சிமெண்டுக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. அழுத்தி நிரப்பும்போது எலும்புக்குள்ளிருந்து கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய் சிலருக்குச் சட்டென்று ரத்த அழுத்தம் சரியும். இதயம், நுரையீரல் ஏற்கனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு இது உயிராபத்து வரை போகலாம். மயக்க மருந்து டாக்டருக்கு முன்பே தெரிந்தால் திரவம், ஆக்சிஜன், அழுத்த மருந்தோடு தயாராக நிற்பார். அம்மாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்கிறீர்களா என்பதை அவரிடம் விட்டுவிடாமல் நீங்களே சொல்லுங்கள்.

தம்பிக்கு வரக்கூடிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், பயப்பட அல்ல, அடையாளம் தெரிய. முதலாவது, தண்டு கொஞ்சம் இறங்குவது. முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிட்டால் கவலையில்லை. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் எலும்பு பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை உடம்பு சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், வருஷ முடிவு எக்ஸ்ரேயைத் தவறவிடக் கூடாது. இரண்டாவது, நடுத்தொடையில் வலி. உட்கார்ந்து எழுந்த முதல் நான்கைந்து அடிக்கு வலித்து, நடக்க நடக்கக் குறையும். எலும்பைவிட டைட்டானியம் ஐந்தாறு மடங்கு விறைப்பு, பழைய கோபால்ட் குரோம் தண்டுகள் அதைப்போல் இரண்டு மடங்கு. வளையும் எலும்புக்குள் வளையாத கம்பி, நுனியில் உறுத்துகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானே அடங்கும். ஆனால் நன்றாக இருந்த காலில் மூன்று வருஷம் கழித்துப் புதிதாகத் தொடை வலி வந்தால் அது வேறு கதை. தளர்வா, கிருமியா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அதே விறைப்பால் இன்னொன்றும் நடக்கும். பாரத்தை எல்லாம் தண்டு சுமந்துகொண்டால், மேல்பக்க எலும்பு வேலையில்லாதவனைப் போல மெலிந்துவிடும். எக்ஸ்ரேயில் பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் நடையைப் பாதிப்பதில்லை.

சிமெண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருபவை சில உண்டு. கிருமி நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் குண்டானவர்களுக்கும் அதிகம். மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) எட்டுக்கு மேல் இருந்தால் நான் தேதியைத் தள்ளிப்போடுவேன், யார் சிபாரிசு செய்தாலும். காயத்தில் பத்தாவது நாளுக்குப் பிறகும் கசிவு இருந்தால் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், நேராக ஆபரேஷன் செய்தவரிடம் போங்கள். முதல் சில வாரங்களில் திறந்து கழுவி, உறையையும் பந்தையும் மாற்றினால் பல நேரம் மூட்டைக் காப்பாற்றலாம். மாத்திரையால் மூடி மறைத்து ஆறு மாதம் கழித்து வந்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான். காலில் ரத்தம் உறைவதும், நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்குவதும் உண்டு, அரிது. கால் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசப்பட்டால் சில மாதத்தில் பழகிவிடும், இல்லையென்றால் செருப்பில் ஒரு அட்டை.

மூட்டு நழுவுவது நூற்றில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில் ஆபத்தான நிலை எது என்றால் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, முட்டிகள் ஒட்டி, பாதம் வெளியே போய்த் தொடை உள்ளே திரும்பும் நிலை. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து காலடியில் விழுந்ததை எடுக்கக் குனிவது அச்சாக அதுதான். சம்மணம் போடுவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் தொடை வெளியே விரிந்து திரும்புவதால், குந்துவதைவிட உண்மையில் ஆபத்து குறைவு. 36 மில்லிமீட்டர் என்ற பெரிய பந்து வைத்த பல பேர் ஆறு மாதத்துக்குப் பின் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை, ஊக்குவிப்பதும் இல்லை. குத்துக்கால் கழிப்பறை மட்டும் வேண்டவே வேண்டாம். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அதன் மேல் போடுங்கள். நாற்காலியின் நான்கு காலும் வழுக்காத தரையில் நிற்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

தம்பியைப் பற்றி ஒரு கேள்வியை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். இந்த வயதில் இரண்டு பக்கமும் எலும்புத் தலை சாவதற்கு நம் பக்கம் பெரிய காரணங்கள் இரண்டு: ஸ்டீராய்டு, சாராயம். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ மூட்டு வலிக்கோ என்று பெயர் தெரியாத பொடி, மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். குடிப்பழக்கம் என்றால், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீதி போதனைக்காகச் சொல்லவில்லை. தினமும் குடிப்பவர் வார்டில் படுத்து இரண்டாம் மூன்றாம் இரவில் கை நடுங்கி, புத்தி பேதலித்து, ட்யூபைப் பிடுங்கிப் போட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பார். நேற்று வைத்த மூட்டு அன்றிரவே நழுவும், அல்லது விழுந்து எலும்பு உடையும். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரை நான்கு பேர் சேர்ந்து பிடித்தும் முடியவில்லை. அவர் மனைவி மறுநாள் காலையில்தான் உண்மையைச் சொன்னார். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்து அதைத் தடுத்துவிடலாம்.

இன்னொன்று, ஸ்டிக்கர். மூட்டின் ஒவ்வொரு பாகத்தின் டப்பாவிலும் கம்பெனி பெயர், மாடல், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள், ஸ்டிக்கர் மை சில வருஷத்தில் மங்கிவிடும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தின் மேல் உலோக மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதன் கிண்ணமும் சிமெண்ட் இல்லாததுதான். ஆனால் கெட்டது பிடிமானத்தால் அல்ல, உலோகம் உலோகத்தோடு உரசி கோபால்ட்டும் குரோமியமும் சதையிலும் ரத்தத்திலும் கலந்ததால். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அதைப் போட்டிருந்தார்கள். 2018இல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு என்று வகுத்தபோது, பெரும்பாலான நோயாளிகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் எதை வைத்துக் கேட்பார்?

இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரத்தம், இதயம் எல்லாம் நன்றாக இருக்கும் 44 வயதுக்காரருக்குச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் வீட்டில் தூக்கி உட்கார வைக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒருவர்தான் என்றால், அம்மாவுக்கும் ஆபரேஷன் நிற்கிறது என்றால், தம்பிக்கு ஒரு பக்கம் முடிந்து மூன்று மாதம் போகட்டும், பிறகு மறுபக்கம், அம்மா கடைசியில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனைக் காப்பீட்டு மேஜையில் தேதி வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

லாரிக்கு எப்போது போகலாம்? வலது கால் என்றால் பிரேக்கை அவசரத்தில் அழுத்தும் வேகம் திரும்ப ஆறு வாரமாவது ஆகும். கார் என்றால் அவ்வளவு போதும். கரும்பு லாரியின் கேபின் இடுப்பு உயரத்துக்கு மேல், ஏறும்போது இடுப்பு மடங்கித் திரும்பும். மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். குதித்து இறங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பாரம் ஏற்றுவதும் தார்ப்பாய் கட்ட மேலே ஏறுவதும் கிளீனர் பையனின் வேலையாகவே இருக்கட்டும்.

அம்மாவின் எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பாதீர்கள். ட்யூப் லைட்டும் மின்விசிறியும்தான் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பிலிமையே எடுத்துக்கொண்டு போய், இடுப்பு மட்டுமில்லாமல் தொடையின் நடுப்பகுதி வரை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீளமாக இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். நாதஸ்வரமா பைப்பா என்று அதில்தான் தெரியும்.